வாசல் மரத்தை எடுக்கறதா, கவாத்து பண்றதா, அப்படியே விடறதா: எந்த பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணலாம்?

வீட்டு வாசல்ல ரோட்டோரமா நிக்கற மரம் தொந்தரவு குடுக்க ஆரம்பிச்சா மனசுல முதல்ல வர்றது ஒரே யோசனைதான், "இதை எடுத்துட்டா என்ன?" எனக்கும் அதுதான் வந்துச்சு. நடைபாதைல ரெண்டு ஸ்லாப் மேல தூக்கிக்கிச்சு, அம்மா ஒருநாள் கால் தடுக்கி விழப் பார்த்தாங்க, ஒரு கிளை மாடி ஜன்னலை உரசிக்கிட்டே இருந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து மரம் எடுக்கறதுக்கான பெர்மிட் ஃபார்மை நிரப்ப ஆரம்பிச்சேன். அதுல ஒரு கட்டம், "என்ன காரணம், வேற என்னென்ன வழி பார்த்தீங்க"ன்னு கேட்டிருந்தாங்க. முதல் பாதிக்கு ஒரு பக்கம் எழுதினேன், ரெண்டாவது பாதிக்கு ஒரு வரி கூட எழுத முடியல, ஏன்னா நான் எதையுமே பார்க்கல.

அதுக்கப்புறம்தான் உருப்படியா விசாரிக்க ஆரம்பிச்சேன். இப்போ அதே நிலைமைல இருக்கறவங்களுக்காக, இருக்கற வழிகளை ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பார்த்து எழுதறேன். என் கருத்து என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன்: உங்க தொந்தரவை எந்தச் சின்ன வேலை தீர்க்குமோ அந்த வேலைக்கான பெர்மிட்டை முதல்ல கேளுங்க, எடுக்கறதுக்கான பெர்மிட் கடைசிலதான். கவாத்து பண்ணின, அதாவது தேவையில்லாத கிளையை மட்டும் அளவா வெட்டின மரத்தை அடுத்த வருஷம் கூட எடுக்கலாம், எடுத்த மரத்தைத் திரும்ப நிறுத்த முடியாது.

முதல்ல மரம் யாரோடதுன்னு தெளிவாகணும். காம்பவுண்டுக்கு வெளிய, உங்க சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற துண்டு நிலம் பெரும்பாலும் பொது இடம். நீங்களே கன்னு வாங்கி நட்டு இருபது வருஷம் தண்ணி ஊத்தியிருந்தாலும் நிறைய ஊர்கள்ல அது நகர நிர்வாகத்தோட மரம்தான், அதனாலதான் ஒரு கிளையை எடுக்கக் கூட அனுமதி கேக்க வேண்டியிருக்கு. ஆனா செலவு யாரோடதுங்கறது ஊருக்கு ஊர் மாறும். சான் பிரான்சிஸ்கோல ரொம்ப காலம் பெரும்பாலான தெருமரங்களை வீட்டுக்காரங்களே பாத்துக்க வேண்டியிருந்துச்சு, 2016ல மக்கள் ஓட்டுப் போட்டு அதை மாத்தினாங்க, 2017 ஜூலைல இருந்து தெருமரம், அதால உடையற நடைபாதை ரெண்டையும் நகரமே பாத்துக்குது. அதனால உங்க ஊர்ல என்ன ரூல்னு ஆபீஸ்ல கேக்காம மரவெட்டிக்கோ கான்ட்ராக்டருக்கோ அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

அளவு எடுக்கறதுலயும் நிறைய பேர் தப்பு பண்றாங்க. சில இடத்துல சுற்றளவு கேப்பாங்க, சில இடத்துல விட்டம். சிங்கப்பூர்ல மரப் பாதுகாப்புப் பகுதிகள்லயும் காலி நிலத்துலயும் 1 மீட்டர் சுற்றளவைத் தாண்டின மரத்தை அனுமதியில்லாம வெட்டக்கூடாது. இங்கிலாந்துல பாரம்பரியப் பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல, 1.5 மீட்டர் உயரத்துல 75 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேல இருக்கற மரத்துல கை வைக்கணும்னா 6 வாரம் முன்னாடியே கவுன்சிலுக்கு நோட்டீஸ் குடுக்கணும். ஒண்ணு சுற்றளவு, இன்னொண்ணு விட்டம், பாருங்க. நெஞ்சு உயரத்துல டேப்பைச் சுத்தி வர்ற அளவை 3.14ஆல வகுத்தா விட்டம் வந்துடும், ஃபார்ம்ல எந்த உயரத்துல அளக்கச் சொல்லியிருக்காங்கன்னு மட்டும் பாத்துக்கோங்க.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒண்ணும் பண்ணாம விடறதும் ஒரு வழிதான், அதை யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. இலை கொட்டுது, பூ விழுந்து காரெல்லாம் அழுக்காகுது, பறவை எச்சம் போடுது, கடை போர்டு மறையுது, இதுக்கெல்லாம் பெரும்பாலும் எடுக்கற பெர்மிட் கிடைக்காது, கேட்டா ஃபீஸ் காசுதான் போகும். மரம் சாஞ்சிருக்குன்னு பயப்படறவங்களும் கொஞ்சம் நிதானமா பாருங்க. சின்ன வயசுல இருந்தே சாஞ்சு வளர்ந்த மரம் மேல போகப் போக வெளிச்சத்தைத் தேடி நிமிர்ந்திருக்கும், அந்தச் சாய்வுக்கு ஏத்த மாதிரி கட்டையும் வேரும் பலமாகியிருக்கும். பயப்பட வேண்டியது திடீர்னு சாஞ்ச மரத்துக்குத்தான், போன மாசம் நேரா இருந்தது இந்த மாசம் சாஞ்சிருக்கு, சாயற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண்ணு வெடிச்சு மேல எழும்பியிருக்குன்னா அன்னைக்கே போன் பண்ணுங்க. நடுவுல பொந்து இருக்கறதும் அப்படித்தான், மரத்தோட பாரத்தைத் தாங்கறதுல பெரும்பங்கு வெளி வளையத்துக்குத்தான், உள்ள கூடா இருந்தாலும் சுத்தி நல்ல கட்டை போதுமான கனத்துல இருந்தா பல வருஷம் நிக்கும். எவ்வளவு கனம் இருக்குன்னு தட்டிப் பார்த்துச் சொல்றதை விட, மெல்லிய ஊசி மாதிரி துளை போட்டு எதிர்ப்பை அளக்கற கருவியும் ஒலி அலை அனுப்பிப் பார்க்கற கருவியும் இருக்கு, மர நிபுணர்கள் அதை வெச்சு ரிப்போர்ட் குடுப்பாங்க.

அடுத்தது கவாத்து. நிறைய தொந்தரவு இதுலயே முடிஞ்சிடும், ஆனா ரொம்ப மரம் சாகறதும் இதுலதான், அதனால இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணிப் புரிஞ்சுக்கோங்க.

கவாத்துன்னா மொட்டையடிக்கறது இல்ல. "மேல எல்லாத்தையும் ஒரே மட்டமா அடிச்சு விட்டுடுங்க, அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல"ன்னு சொல்ற ஆள் வந்தா தயவுசெஞ்சு திருப்பி அனுப்பிடுங்க. மொட்டையடிச்ச மரம் பட்டினியோட, இருக்கற சேமிப்பையெல்லாம் செலவு பண்ணி வெட்டின இடத்துலயே கொத்துக் கொத்தா தளிர் விடும், பார்க்க சீக்கிரம் பச்சையாகிடும், ஆனா அந்தப் புதுக் கிளைங்க உள்கட்டைல இருந்து வந்தது இல்ல, வெளிப்பட்டைக்கு அடியில மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், கொஞ்ச வருஷத்துல கனமாகி, அடில வெட்டின இடம் மக்கி, காத்துல பிச்சுக்கிட்டு விழும். அதாவது ஆபத்தைக் குறைக்கன்னு பண்ற வேலை, கொஞ்ச வருஷத்துல அதை விடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவந்து நிறுத்துது. நிறைய நகரங்கள் மொட்டையடிக்கறதுக்கு பெர்மிட்டே குடுக்கறதில்ல, சில இடத்துல அதை மரத்தை அழிச்ச கணக்குல சேர்த்து அபராதம் போடறாங்க.

கிளையை எங்க வெட்டணுங்கறதும் முக்கியம். கிளை அடிமரத்தோட சேர்ற இடத்துல வளையம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், காலர்னு சொல்லுவாங்க, அதுக்கு சரியா வெளிய வெட்டணும். அடிமரத்தை ஒட்டி வழவழன்னு வெட்டினா அந்தத் தடிப்பே போயிடும், நீளமா குச்சி விட்டா அந்தக் குச்சி மக்கி அழுகல் உள்ள போகும். அமெரிக்க வனத்துறைல வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரத்தை நீளவாக்குல அறுத்துப் பார்த்து, 1970கள்ல விளக்கினது இதைத்தான், மரத்தோட காயம் நம்ம தோல் மாதிரி ஆறாது, மரம் அந்த இடத்தைச் சுத்திச் சுவர் எழுப்பி அடைச்சிட்டு வெளிய புதுக் கட்டையை வளர்த்துக்கும். தடிப்பைக் காப்பாத்தினா சுவர் ஒழுங்கா எழும்பும். வெட்டின இடத்துல பெயிண்டோ தாரோ பூசறது அழுகலைத் தடுக்கறதில்லன்னும் அவர் ஆராய்ச்சில தெரிஞ்சுச்சு, இன்னும் நிறைய பேர் பூசிட்டிருக்காங்க. கனமான கிளையா இருந்தா முதல்ல கொஞ்சம் தள்ளி அடிப்பக்கம் ஒரு வெட்டு, அப்புறம் மேல் வெட்டுல பாரத்தை இறக்கிட்டு, மூணாவது வெட்டுதான் காலர் பக்கத்துல, இல்லன்னா கிளை விழும்போது பட்டையை அடிமரம் வரைக்கும் உரிச்சுக்கிட்டுப் போயிடும்.

எவ்வளவு எடுக்கலாம்? ஒரு வருஷத்துல இலைப்பரப்புல கால்வாசிக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, வயசான மரத்துக்கு அதுவே ஜாஸ்தி. அப்ளிகேஷன்ல "மரத்தை ட்ரிம் பண்ணணும்"னு மட்டும் எழுதாதீங்க. ஜன்னல் பக்கம் போற ரெண்டு கிளையை எந்த இடம் வரைக்கும் குறைக்கப் போறீங்க, நடைபாதைக்கு மேல எவ்வளவு உயரம் வரைக்கும் தாழ்ந்த கிளையை எடுக்கப் போறீங்கன்னு போட்டோல கோடு போட்டுக் காட்டுங்க, அப்படிக் குடுத்தா ஆபீஸ்ல திருப்பி அனுப்பற வாய்ப்பு நல்லாவே குறையும். பறவை கூடு கட்டற மாசங்களைத் தவிருங்க, பல நாட்டுல கூடு இருக்கற கிளையை வெட்டறது தனிக் குற்றம், கவாத்து பெர்மிட் கையில இருந்தாலும் அது உங்களைக் காப்பாத்தாது. கரண்ட் கம்பி பக்கத்துல இருக்கற கிளைன்னா பேச்சே இல்ல, மின்வாரியமோ மின் கம்பெனியோ தான் வரணும், நீங்களோ சாதாரண மரம் வெட்டற ஆளோ ஏறவே கூடாது, ஈரக் கிளை கம்பில பட்டா முடிஞ்சுது.

இப்போ நடைபாதை தூக்கற பிரச்சினை. இதுக்காகத்தான் நிறைய பேர் மரத்தையே எடுக்கக் கேக்கறாங்க, நானும் அப்படித்தான் கேக்கறதா இருந்தேன். வேர் ரொம்ப ஆழத்துல போகும்னுதான் நாம நினைச்சுட்டிருக்கோம், உண்மைல பெரும்பாலான வேர் மேல் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளதான் இருக்கும், அகலத்துல கிளைப் பரப்பைத் தாண்டி ரொம்ப தூரம் ஓடும். ஸ்லாபுக்கு அடியில ஈரமும் காத்தும் இருக்கறதால வேர் அங்க போய் தடிக்குது. குழாய் விஷயமும் இப்படித்தான், நல்லா இருக்கற சாக்கடைக் குழாயை வேர் போய் உடைக்கறது அபூர்வம், ஏற்கனவே இணைப்புல கசிவு இருந்தா அந்த ஈரத்தைத் தேடித்தான் உள்ள நுழையுது, மரத்தை எடுத்தாலும் குழாய் ஓட்டையாத்தான் இருக்கும்.

நடைபாதைக்கு என்னென்ன வழி இருக்குன்னா, தூக்கின ஸ்லாப் விளிம்பைத் தேய்ச்சு மட்டப்படுத்தறது, ஸ்லாபை எடுத்துட்டு வேருக்கு மேல சரிவா புதுசா போடறது, ரப்பர் கலந்த வளையற மேற்பரப்பு போடறது, மரக்குழியைப் பெருசாக்கறது, இடம் இருந்தா நடைபாதையையே கொஞ்சம் வளைச்சுக் கொண்டு போறது. இதுல எதுலயும் மரத்துக்கு ஆபத்து கம்மி, ஆனா இது மரத்துறை பெர்மிட் இல்ல, ரோடு பாக்கற துறையோடது, அதனால ரெண்டு ஆபீஸ்க்கும் போகணும், ரெண்டு ஆபீஸும் "அவங்களைக் கேளுங்க"ன்னு கை காட்டும், அப்போ எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க. வேரை வெட்டறது கடைசி. அடிமரத்துக்கு எவ்வளவு பக்கத்துல வெட்டறீங்களோ அவ்வளவு ஆபத்து, விட்டத்தை மாதிரி மூணு மடங்கு தூரத்துக்கு உள்ள வந்து வெட்டினா மரம் நிக்கறதே சந்தேகம். கட்டுமான வேலைக்கு பிரிட்டன்ல மரத்தைச் சுத்தி விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப் பாதுகாப்புப் பகுதின்னு ஒதுக்கறாங்க, அரை மீட்டர் விட்டம்னா 6 மீட்டர், யோசிச்சுப் பாருங்க. வேரை வெட்டி ஸ்லாபை அழகா போட்டுட்டு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு புயல்ல மரம் வேரோட சாஞ்சா, ஸ்லாபும் போச்சு மரமும் போச்சு.

இதை நகர அளவுல பார்க்கணும்னா இங்கிலாந்துல ஷெஃபீல்டு கதையைப் படிங்க. ரோடு சீரமைப்புக்குன்னு 2012ல 25 வருஷ கான்ட்ராக்ட் போட்டு, அஞ்சாயிரத்துக்கும் மேல தெருமரத்தை வெட்டினாங்க, அதுல நல்ல ஆரோக்கியமான மரமும் நிறைய. மக்கள் மரத்தடில நின்னு தடுத்து, போலீஸ், கோர்ட்னு போய், 2018ல வெட்டறதை நிறுத்தினாங்க, 2023ல வந்த விசாரணை அறிக்கை கவுன்சிலைக் கடுமையா கண்டிச்சுது. வெட்டறதுக்கு பதிலா பண்ணக்கூடிய நடைபாதை வேலைகள் எல்லாம் பேப்பர்ல இருந்துச்சு, ஒழுங்கா முயற்சி பண்ணல, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அங்க செல்சி ரோட்ல ஒரு எல்ம் மரம், அபூர்வமான ஒரு வகைப் பட்டாம்பூச்சி அதுல வாழுது, அதையும் வெட்டறதா இருந்தாங்க, கடைசில மரம் தப்பிச்சுது, நடைபாதையும் சரியாச்சு.

அப்போ எடுக்கவே கூடாதான்னா, அப்படியில்ல. மரம் செத்துப் போச்சு, அடில பெரிய காளான் வந்து வேர் அழுகியிருக்கு, ரெண்டா பிரியற பெரிய கிளைங்க நடுவுல பிளந்து விரிசல் இறங்கிட்டே இருக்கு, பெரிய வேரையெல்லாம் எவனோ குழாய் போடறேன்னு வெட்டிட்டுப் போயிட்டான், பக்கத்து மரங்களுக்குப் பரவற நோய் வந்திருக்கு, இதெல்லாம் நியாயமான காரணம், இங்க தயங்கறது தப்பு, கீழ நடக்கறவங்க உயிரு அது. இந்த பெர்மிட்டுக்கு மர நிபுணர் ரிப்போர்ட், போட்டோ, அளவு எல்லாம் கேப்பாங்க, நிறைய ஊர்ல மரத்துலயே நோட்டீஸ் ஒட்டி அக்கம்பக்கத்துக்காரங்க ஆட்சேபம் சொல்ல டைம் குடுப்பாங்க. நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே நீங்களே எதிர்வீட்டு அம்மாகிட்டயும் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயும் போய் காரணத்தைச் சொல்லிடுங்க, அந்த நிழல் அவங்களுக்கும் உரிமைதான். நியூயார்க் மாதிரி இடங்கள்ல எடுக்கற மரத்தோட அளவையும் நிலைமையையும் வெச்சு எத்தனை மரம் மாத்தா நடணும்னு கணக்கு போடறாங்க. அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கறது பெர்மிட்லயும் கான்ட்ராக்டர் ரேட்லயும் சேருமான்னு தனியா கேளுங்க, சேரலன்னா அந்தக் கட்டை வருஷக்கணக்கா அங்கயே நிக்கும், அந்தக் குழில புது மரமும் நட முடியாது. புயல்ல பாதி முறிஞ்சு தொங்கற மரத்துக்கு மட்டும் பெரும்பாலான ஊர்ல முன் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்ல, ஆனா வெட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுட்டு உடனே தகவல் குடுங்க.

பெர்மிட் இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆளைக் கூப்பிட்டு முடிச்சிடலாம்னு சொல்றவங்க எல்லா தெருவுலயும் இருக்காங்க. மரத்துக்கு விறகு விலை போட்டு அபராதம் கட்டின காலம் பல இடத்துல போயிடுச்சு. லண்டன்ல கேவட்னு ஒரு முறை, அடிமரத்தோட பருமன், இருக்கற இடம், ஆரோக்கியம் எல்லாம் பார்த்து மரத்துக்கு சொத்து மாதிரி மதிப்பு போடறாங்க, பெரிய மரம்னா அந்தத் தொகை தலை சுத்த வைக்கும்.

யார் மூலமா அப்ளை பண்றதுங்கறது அடுத்த கேள்வி. நகர நிர்வாகத்துக்கு புகார் போட்டு அவங்களே வந்து பண்ண விடலாம், செலவு பெரும்பாலும் இல்ல, ஆனா அவங்க வரிசைப்படிதான் வருவாங்க, எந்தக் கிளைன்னு நீங்க சொல்ல முடியாது. நீங்களே பெர்மிட் எடுத்து உங்க காசுல பண்ணலாம், சீக்கிரம் முடியும், ஆனா ஆள் தகுதியா இருக்கணும், இன்சூரன்ஸ் இருக்கணும், நடைபாதையையோ ரோட்டையோ மறைக்கணும்னா அதுக்குத் தனி அனுமதி. அவசரம் இல்லாத சின்ன கவாத்துக்கு முதல் வழி, எந்தக் கிளை எப்படிங்கறது உங்களுக்கு முக்கியம்னா ரெண்டாவது வழி, என் அனுபவத்துல அப்படித்தான் படுது. மரம் பார்த்து ரிப்போர்ட் குடுக்கறவரும் வெட்டறவரும் ஒரே ஆளா இல்லாம பாத்துக்கோங்க, வெட்டினா காசு வர்ற ஆள்கிட்ட வெட்டலாமான்னு கேக்கறது சரியா வராது.

புதுசா நடறதுக்கும் பெர்மிட் வேணும், அதை நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க. நல்ல காரியம்தானே பண்றோம்னு நட்டுட்டு, அடியில கேஸ் குழாயோ கேபிளோ இருந்து பிடுங்க வேண்டி வந்தா கஷ்டம். முனைல திரும்பற வண்டிக்கு ரோடு தெரியணும், தீயணைப்புத் தண்ணிக் குழாய், தெருவிளக்கு, கேட் இதுக்கெல்லாம் தூரம் விடணும், மேல கம்பி இருந்தா குட்டையான ஜாதிதான். நகரத்துக்கிட்ட அனுமதிச்ச மரப் பட்டியல் இருக்கும், அதுல உங்க தெருவுல ஏற்கனவே இருக்கறதையே வாங்காதீங்க. 2002ல அமெரிக்கால டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்ச ஒரு மரகதப் பச்சை வண்டு, ஆஷ் மரங்களை மட்டும் குறி வெச்சு கோடிக்கணக்குல கொன்னுடுச்சு, தெரு முழுக்க அந்த ஒரே மரம் வெச்ச ஊருங்க ஒரே அடியா மொட்டையாச்சு. ஒரே இனம் 10 சதவீதம், ஒரே பேரினம் 20, ஒரே குடும்பம் 30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஃபிராங்க் சாந்தமோர்ங்கற அமெரிக்க மர ஆராய்ச்சியாளர் 1990லயே சொன்னதை அப்புறம்தான் எல்லாரும் தேடிப் படிச்சாங்க. பெரிய கன்னு வாங்கறதா சின்னதான்னு கேட்டா சின்னதுதான் என் தேர்வு, பெருசு வேரை நிறைய இழந்துட்டு வருது, அதிர்ச்சில நிக்கற வருஷங்கள்ல சின்னது எட்டிப் பிடிச்சிடும். ஆழமா நடாதீங்க, அடிமரம் வேரா விரியற இடம் மண்ணுக்கு மேல தெரியணும், முதல் ரெண்டு மூணு வருஷம் தண்ணி உங்க பொறுப்புன்னு பெர்மிட்லயே போட்டிருக்கும்.

எங்க மரத்துக்கு நான் கடைசில ரெண்டு அப்ளிகேஷன் போட்டேன், ஜன்னல் பக்கம் ரெண்டு கிளையைக் குறைக்க ஒண்ணு, ஸ்லாபை எடுத்து சரிவா போட ஒண்ணு. கவாத்து பெர்மிட் சீக்கிரம் வந்துச்சு, நடைபாதைக்கு நாலு தடவை அலைஞ்சேன். எடுக்கறதுக்கான ஃபார்மை அனுப்பவே இல்ல. அம்மா இப்போ சாயங்காலம் அந்தச் சரிவு மேலயே நடந்து போய், மரத்தடில சேர் போட்டு உட்கார்றாங்க.